ரீடேக் எடுத்தால் பழைய கிரேடு போய்விடாது: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளை டாக்டர் ஆக வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற வீடாக இருக்கலாம், பிள்ளையே ஆசைப்பட்டு, மருத்துவக் கல்லூரிக்கு முந்திய பிரீமெட் பாடங்களைப் படிக்கிற வீடாகவும் இருக்கலாம், இந்த மடல் இரண்டு வீட்டுக்கும்தான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் ஒரு பாடத்தில் கிரேடு குறைந்துபோய், அதே பாடத்தை மறுபடி எடுத்து (ரீடேக்) நல்ல கிரேடு வாங்கினாலும், பழைய கிரேடு மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்திலிருந்து மறையாது. இரண்டும் கணக்கில் வரும். மூன்று முறை எடுத்தால் மூன்றும் வரும். உங்கள் பிள்ளை படிக்கிற பல்கலைக்கழகம் தன் டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் ஜிபிஏவில் (எல்லாக் கிரேடுகளின் சராசரியில்) சேர்த்திருந்தாலும் சரி, விண்ணப்பத்தில் அது செல்லாது.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற மாணவர்களுக்கு வழிகாட்டுகிற வேலையில் இருக்கிறேன். கோடை வந்தாலே மாணவர்களின் டிரான்ஸ்கிரிப்ட்டும் விண்ணப்பக் கணக்கும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்து அதிர்ந்துபோகிற பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த அதிர்ச்சி வருகிற நேரத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம். அதனால்தான் மாணவர்களுக்குச் சொல்வதோடு நிறுத்தாமல் உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் "மறுபடி எடுத்துடு, சரியாப் போயிடும்" என்கிற வார்த்தை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் போகிறது.

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். நம்மில் பலர் ஊரில் பிளஸ் டூ முடித்தவர்கள். கட்ஆஃப் கொஞ்சம் குறைந்ததால் ஒரு வருடம் வீட்டிலிருந்து இம்ப்ரூவ்மென்ட் எழுதியவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். இன்ஜினியரிங்கில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதி கிளியர் பண்ணினோம், கடைசியில் டிகிரி கையில் வந்ததும் யாரும் பழையதைக் கிளறவில்லை. இப்போது நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான், போன வருடம் எவ்வளவு வாங்கினாய் என்று கலந்தாய்வில் யாரும் கேட்பதில்லை, இந்த வருட மார்க்தான் கணக்கு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு, மறுபடி எழுதினால் பழையது அழியும் என்பது இயல்பாகவே மனதில் பதிந்திருக்கும். இங்குள்ள பல்கலைக்கழகங்களும் அதற்கு ஒத்து ஊதுகின்றன. பல இடங்களில் கிரேடு ரீப்ளேஸ்மென்ட், கிரேடு ஃபர்கிவ்னஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கிறது. விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பினால் போதும், சி இருந்த இடத்தில் ஏ வந்து உட்கார்ந்துகொள்ளும், ஜிபிஏ ஏறிவிடும். பட்டம் வாங்குவதற்கும், உதவித்தொகையைத் தக்கவைப்பதற்கும், வேலைக்குப் போவதற்கும் அது உண்மையிலேயே பயன்படுகிற வசதிதான். மருத்துவக் கல்லூரி மட்டும் வேறு கதை.

அது எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் எம்.டி. பட்டம் தருகிற கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்கிற ஒரே பொது விண்ணப்பம். ஏஏஎம்சி என்கிற மருத்துவக் கல்லூரிகள் சங்கம் அதை நடத்துகிறது. அவர்கள் உங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகம் போட்டுக்கொடுத்த ஜிபிஏவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. படித்த ஒவ்வொரு பாடத்தையும், எந்தக் கல்லூரி, எந்தப் பருவம், எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடை), என்ன கிரேடு என்று மாணவரே வரிசையாக விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும். ஆம்காஸ் ஆட்கள் அதை அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுச் சரிபார்த்து, தங்கள் அளவுகோலில் மறுபடியும் கூட்டிப் போடுவார்கள். ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, இப்படியே இறங்கி எஃப் என்றால் பூஜ்யம். ஏ பிளஸ்ஸுக்கும் 4.0தான், அதற்கு மேல் கிடையாது. இந்தக் கூட்டலில் ஒரு பாடத்தை எத்தனை முறை எடுத்திருந்தாலும் அத்தனை கிரேடும் உள்ளே வரும். டிரான்ஸ்கிரிப்ட்டில் பழைய கிரேடு ஜிபிஏவிலிருந்து நீக்கப்பட்டதாகக் குறி இருக்கலாம், ஆனால் அந்த வரி அங்கேயேதான் இருக்கும், அந்த வரிதான் அவர்களுக்கு வேண்டும்.

கூடவே இன்னொரு எண்ணும் வரும், இதுதான் ஆளை அடிக்கும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் இந்த நான்கையும் மட்டும் தனியாகக் கூட்டி பிசிபிஎம் என்று ஒரு ஜிபிஏ போடுவார்கள், சயன்ஸ் ஜிபிஏ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பொதுவாக ரீடேக் எடுக்கப்படுகிற பாடங்கள் எவை? ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பிசிக்ஸ். எல்லாமே இந்தக் கூட்டுக்குள் வருபவை. அதனால் பழைய கிரேடுகளின் பாரம் மொத்தமும் சின்னக் கூட்டின் மேல் விழும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இது நானாகப் போட்ட உதாரணம். ஒரு பெண், பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்டில் 100 கிரெடிட், ஜிபிஏ 3.70. அவள் மூன்று பாடங்களை ரீடேக் எடுத்திருக்கிறாள், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். முதல் முறை வாங்கியது ஒன்றில் சி, ஒன்றில் சி மைனஸ், ஒன்றில் டி பிளஸ். இந்த மூன்றும் அந்த 3.70-இல் சேரவில்லை, பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது. ஆம்காஸ் இவற்றைத் திரும்பச் சேர்க்கும். 100 கிரெடிட்டுக்கு 370 புள்ளி, பழைய 12 கிரெடிட்டுக்கு 8, 6.8, 5.2 ஆக 20 புள்ளி. மொத்தம் 112 கிரெடிட், 390 புள்ளி. வகுத்தால் 3.48. இப்போது அறிவியல் பாடங்களை மட்டும் பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வழியில் 48 கிரெடிட், சராசரி 3.60 என்று வைத்துக்கொள்வோம், 172.8 புள்ளி. பழைய 12 கிரெடிட்டும் 20 புள்ளியும் சேர்ந்தால் 60 கிரெடிட்டுக்கு 192.8. அதாவது 3.21. தன்னை 3.7 என்று நினைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியல் தயாரித்த பெண்ணின் சயன்ஸ் ஜிபிஏ 3.21.

2023-இல் எம்.டி. கல்லூரிகளுக்கு 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், சேர்ந்தவர்கள் 23 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, அவர்களின் சராசரி ஜிபிஏ 3.77. சராசரி என்றால் அதற்குக் கீழே உள்ளவர்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதனால் 3.48 என்றால் கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 3.7 என்று நினைத்து எந்தெந்தக் கல்லூரிக்குப் போடுவது, எம்கேட் நுழைவுத் தேர்வில் எவ்வளவு வேண்டும், இந்த வருடமே போடுவதா ஒரு வருடம் பொறுப்பதா என்றெல்லாம் எடுத்த முடிவு அத்தனையும் தப்பான எண்ணின் மேல் கட்டியது.

அந்த எண் வந்து சேர்கிற நேரத்தையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அனுப்புவார்கள், சரிபார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடிந்ததும் ஒரு மின்னஞ்சல் வரும். அதைத் திறந்து என் எதிரில் உட்கார்ந்து பார்த்த ஒரு மாணவி முதலில் ஆம்காஸ்தான் தப்புப் போட்டிருக்கிறது என்று சொன்னாள். விண்ணப்பத்தில் ஒரு அட்டவணை இருக்கும், இடது பக்கத்தில் முதலாண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று கீழே கீழே வரும், ஒவ்வொரு வரிசையிலும் அறிவியல், மற்றவை, மொத்தம் என்று தனித்தனியாக எண்கள். அவள் விரலை வைத்து முதலாண்டு வரிசையைப் படித்தாள். அறிவியல் கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் நான் ரீடேக் எடுத்துட்டேனே, ஏ வாங்கினேனே" என்றாள். அந்த ஏ-க்களும் அங்கேயே இருந்தன, இரண்டு வரிசை கீழே, மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில். அப்புறம் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும், அதைத்தான் இந்த மடலில் முக்கியமாக நினைக்கிறேன். பழைய கிரேடு எப்படியும் உள்ளேதான் இருக்கப்போகிறது என்றால், ரீடேக்கில் வாங்குகிற ஏ-வுக்கும், வேறு ஒரு புதுப் பாடத்தில் வாங்குகிற ஏ-வுக்கும் ஜிபிஏ கணக்கில் கடுகளவுகூட வித்தியாசம் கிடையாது. 4 கிரெடிட் ஏ என்றால் 16 புள்ளி, அது எந்தப் பாடத்திலிருந்து வந்தாலும் 16தான். மேலே சொன்ன பெண் இன்னொரு 4 கிரெடிட் பாடத்தில் ஏ வாங்கினால் 116 கிரெடிட்டுக்கு 406 புள்ளி, 3.50. சி பிளஸ் வாங்கிய பாடத்தையே மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும் அதே 3.50. அப்படியிருக்க, ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்த வகுப்பில் இன்னொரு நாலு மாதம் ஏன் உட்கார வேண்டும்? பயோகெமிஸ்ட்ரி எடுக்கலாம், பிசியாலஜி எடுக்கலாம், ஜெனெடிக்ஸ் எடுக்கலாம். கிரேடும் ஏறும், எம்கேட்டுக்கும் உதவும், விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களுக்கும் இந்தப் பிள்ளை கடினமான பாடத்தில் முன்னேறியிருக்கிறது என்று தெரியும். பி மைனஸ் வாங்கியதை ஏ ஆக்குகிறேன் என்று ரீடேக் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. அதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டில் யாரோ அந்த பி மைனஸைப் பார்த்து முகம் சுளித்தது.

ரீடேக்கே கூடாது என்று சொல்லவில்லை. டி-யோ எஃப்-ஓ வந்தால் எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் அவசியப் பாடங்களில் குறைந்தபட்சம் சி கேட்கின்றன, சி மைனஸ் பல இடங்களில் செல்லாது. அடுத்த பாடத்துக்கு இதுதான் அஸ்திவாரம் என்றிருந்து, பிள்ளைக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை என்றால், அப்போதும் எடுக்கலாம். ஆனால் எடுத்தால் ஏ வாங்குகிற நிலையில்தான் எடுக்க வேண்டும். முதல் முறை ஏன் சறுக்கியது என்று தெரியாமல், அதே மாதிரிப் படித்து, அதே அளவு தூங்கி, அதே பதினெட்டு கிரெடிட் சுமையோடு எடுத்தால் சி போய் சி பிளஸ் வரும். அது ரீடேக் எடுக்காமல் விட்டதைவிட மோசம், ஏனென்றால் இப்போது சறுக்கல் இரண்டாகிவிட்டது. கோடையில் ஆறு வாரத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை முடித்துவிடலாம் என்று கம்யூனிட்டி காலேஜில் போய்ச் சேருகிறார்கள். நான்கு மாதத்தில் தடுமாறியவர்கள் ஆறு வாரத்தில் தேறுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். தவிர, பல பல்கலைக்கழகங்கள் தங்களிடமே மறுபடி எடுத்தால்தான் பழையதை நீக்கும், வெளியில் எடுத்தால் அதுவும் கிடையாது.

சரி, அப்படியானால் சறுக்கல் நடக்கும்போதே என்ன செய்யலாம்? இங்கேதான் பெற்றோராகிய நீங்கள் நேரடியாக வருகிறீர்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அதற்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் டிரான்ஸ்கிரிப்ட்டில் டபிள்யூ என்று விழும். அந்த டபிள்யூ ஆம்காஸ் ஜிபிஏவில் சேராது, பூஜ்யமாகவும் சேராது. விண்ணப்பத்தில் தெரியும், அவ்வளவுதான். நாலு வருடத்தில் ஒன்றிரண்டு டபிள்யூ இருந்தால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை, பருவத்துக்குப் பருவம் இருந்தால்தான் கேள்வி வரும். இந்தத் தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பல இடங்களில் பருவத்தின் பாதியைத் தாண்டித்தான் வரும், அதாவது முதல் ஒன்றிரண்டு மிட்டெர்ம் மார்க் கைக்கு வந்த பிறகு. ஆகவே டி நோக்கிப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்தத் தேதிக்கு முன்பே பெரும்பாலும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் விலகவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். கிடைக்கிற பதில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான். வீட்டில் சொல்ல முடியவில்லை. ஃபைனலில் எப்படியாவது பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிடிக்க முடியாவிட்டால் ரீடேக் எடுத்துக்கொள்ளலாம், பழையது போய்விடும், அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்.

இந்தப் பதிலை நீங்கள் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குப் படிப்பில் ஒரு சிக்கல், அதைத் தீர்ப்பதற்கு ஒரு வழியும் ஒரு தேதியும் இருக்கிறது, அந்தத் தேதியைத் தாண்டவிட்டது பயம். ஃபால் பருவத்தில் அது பெரும்பாலும் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் என்று வரும், நம் வீடுகளில் தீபாவளி வருகிற நேரம். பிள்ளை வீட்டுக்கு வந்து பட்டாடை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டு, "படிப்பெல்லாம் எப்படிப் போகுது" என்றால் "நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடும். அந்த இரண்டு நாளில் யாராவது ஒருவர், அம்மாவோ அப்பாவோ சித்தியோ மாமாவோ, "கெமிஸ்ட்ரி கஷ்டமா இருந்தா விட்டுடலாம், அடுத்த பருவத்தில் எடுத்துக்கலாம், ஒன்றும் குடி முழுகிப்போகாது" என்று முதலிலேயே சொல்லியிருந்தால், நான் மேலே சொன்ன அட்டவணையில் பல கட்டங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

விலகுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முழுநேர மாணவர் என்றால் பொதுவாகப் பருவத்துக்கு 12 கிரெடிட். அதற்குக் கீழே இறங்கினால் உதவித்தொகை பாதிக்கலாம். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிற பிள்ளை என்றால் இன்னும் கவனம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-இல் வளர்ந்து 21 வயதில் எஃப்-1-க்கு மாறிய பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி வாங்காமல் 12-க்குக் கீழே போகவே கூடாது, விசா நிலையே கெட்டுவிடும். ஆகவே முதல் பருவத்திலேயே கணக்குப் பார்த்து, ஒரு பாடம் விட்டாலும் 12 நிற்கிற மாதிரி எடுப்பது நல்லது. அதற்காக உயிரியல், வேதியியல், கால்குலஸ், கூடவே ஒரு ஹானர்ஸ் வகுப்பு என்று முதல் பருவத்திலேயே எல்லாவற்றையும் தலையில் ஏற்றவும் வேண்டாம். மூன்றரை வருடத்தில் முடித்துவிட வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி யாரையும் கேட்கவில்லை.

பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், இதைப் பல வீடுகளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மென்ட்டில், அதாவது பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிக்க, சேர்த்துவிடுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வகுப்பில் வாங்குகிற கிரேடு கல்லூரி கிரேடு. பதினாறு வயதில் வாங்கிய சி, இருபத்திரண்டு வயதில் போடுகிற ஆம்காஸ் விண்ணப்பத்தில் வந்து நிற்கும், மொத்த ஜிபிஏவிலும் சேரும். பின்னால் பல்கலைக்கழகத்தில் அதே கால்குலஸை எடுத்து ஏ வாங்கினால், இரண்டும் வரும். பள்ளியிலேயே எழுதுகிற ஏ.பி. பரீட்சை அப்படி இல்லை, அதில் கிடைக்கிற கிரெடிட்டுக்குக் கிரேடு கிடையாது, ஜிபிஏவை அது தொடாது. பக்கத்து வீட்டுப் பையன் எடுக்கிறான் என்பதற்காக டூயல் என்ரோல்மென்ட்டில் தள்ளுவதற்கு முன்னால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கட்டும்.

இந்தக் கம்யூனிட்டி காலேஜ் விஷயத்திலேயே இன்னொன்று. "அந்த டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பாமல் விட்டுவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று பெற்றோரே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். படித்த எல்லாக் கல்லூரியையும் காட்ட வேண்டும் என்பது விதி. மறைத்தது தெரியவந்தால் ஏஏஎம்சி விசாரிக்கும், விஷயம் கல்லூரிகளுக்குப் போகும். ஒரு சி-யை விளக்கிச் சொல்லிவிடலாம். பொய் சொன்னதை விளக்க வழியே இல்லை.

அடுத்தது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு பழைய செய்தி. எம்.டி. போலவே மருத்துவராக்குகிற இன்னொரு பட்டமான டி.ஓ. தருகிற கல்லூரிகளுக்குப் போட்டால் ரீடேக் கிரேடு மட்டும்தான் கணக்கு என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. டி.ஓ. கல்லூரிகளின் பொது விண்ணப்பமான ஏகோமாஸ், கடைசியாக எடுத்த கிரேடை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. அதை நம்பி நாலைந்து பாடங்களை ரீடேக் எடுத்து ஜிபிஏவைத் தூக்கிவிட்டு உள்ளே போனவர்கள் நிறைய. ஆனால் 2017 மே மாதம் முதல் தேதியோடு அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. இப்போது அங்கேயும் எல்லா முயற்சியும் சேரும். அண்ணன் பையன் 2015-இல் அப்படித்தான் போனான் என்று சொல்லி இன்றைக்கு ஒரு பிள்ளையை ரீடேக்குக்கு அனுப்பினால் இரண்டு வருடமும் பணமும்தான் போகும். டி.ஓ. என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. டி.ஓ. படித்தவர்கள் ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவர்கள், 2020-லிருந்து எம்.டி.க்கும் டி.ஓ.க்கும் பட்டத்துக்குப் பிந்திய ரெசிடென்சிப் பயிற்சி ஒரே அங்கீகாரத்தின் கீழ்தான் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்தவர்களில் ஒருவர் டி.ஓ.வாக இருந்திருக்கலாம், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்குத் தனியாக: அங்குள்ள மாநில மருத்துவக் கல்லூரிகளுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று வேறு விண்ணப்பம். ரீடேக் விஷயத்தில் அதுவும் அப்படித்தான், எல்லாம் சேரும். ஆனால் பிளஸ் மைனஸ் பார்ப்பதில்லை. ஏ மைனஸும் 4.0, பி மைனஸும் 3.0, சி பிளஸ் வெறும் 2.0. ஆகவே ஒரே டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு விண்ணப்பத்தில் இரண்டு எண்ணாக வரும், இரண்டையும் போட்டுப் பாருங்கள். அங்கே அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட் என்று ஒரு மாநிலச் சட்டமும் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்திய படிப்பு மொத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டெக்சாஸ்வாசி ஒருவர் கேட்கலாம், நல்ல கிரேடும் சேர்ந்தே போய்விடும். முப்பது வயதுக்கு மேல் வேறு வேலையை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு வர நினைப்பவர்களுக்கு அது ஒரு வாய்ப்பு. இருபது வயதுப் பிள்ளைக்கு உதவாது.

பட்டம் முடித்துவிட்டு ஜிபிஏவைத் தூக்க ஒரு மாஸ்டர்ஸ் படிக்கலாம் என்று யோசிப்பவர்களும் உண்டு. மாஸ்டர்ஸ் ஜிபிஏ தனி வரிசையில் நிற்கும், இளங்கலை ஜிபிஏவோடு கலக்காது. அதில் நன்றாகச் செய்தால் மதிப்பு உண்டு, ஆனால் பெரும் செலவு, இளங்கலை எண் ஒரு புள்ளிகூட அசையாது. பட்டத்துக்குப் பிறகு இளங்கலை அளவிலேயே போஸ்ட்பேக் என்று பாடங்கள் எடுத்தால் அது இளங்கலை ஜிபிஏவில் சேரும். எந்த நோக்கத்துக்கு எது என்று தெரிந்து எடுத்தால் சரி.

ஏற்கெனவே ரீடேக் எடுத்தாகிவிட்டது, எண் இறங்கித்தான் இருக்கிறது என்கிற வீடுகளுக்கு என்ன சொல்வது? அந்த அட்டவணையை வருடவாரியாகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. படிக்கிறவர்கள் கீழே இருக்கிற மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. முதலாண்டு 30 கிரெடிட்டில் 2.8 வாங்கிய பிள்ளை அடுத்த 90 கிரெடிட்டில் 3.85 வாங்கினால் மொத்தம் 3.59தான் வரும். ஆனால் வரிசையாகப் பார்க்கிறவருக்கு ஒரு பிள்ளை எங்கே தடுமாறியது, எப்போது எழுந்தது, எழுந்த பிறகு எவ்வளவு காலம் நின்றது என்பது தெளிவாகத் தெரியும். சில கல்லூரிகள் கடைசி ஆண்டுகளின் கிரேடுக்குக் கூடுதல் எடை கொடுக்கின்றன. அதற்கு நேரம் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு விண்ணப்பித்தால் நான்காம் ஆண்டின் நல்ல கிரேடுகள் அட்டவணையிலேயே இருக்காது. ஒரு வருடம் பொறுத்துப் போட்டால் இருக்கும். "கேப் இயர் எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற கவலையில் அந்த ஒரு வருடத்தைத் தர மறுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சேர்வது இன்று மருத்துவக் கல்லூரிகளில் சர்வசாதாரணம். பிள்ளை கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கணக்கை நீங்களே போடலாம், பெரிய வித்தை இல்லை. டிரான்ஸ்கிரிப்ட்டை எடுத்துவைத்து, ஜிபிஏவில் சேராது என்று குறி போட்ட வரிகளையும் விடாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டைக் கிரேடு எண்ணால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். அறிவியல் பாடங்களுக்குத் தனியாக ஒருமுறை. கம்யூனிட்டி காலேஜ், கோடை வகுப்பு எல்லாம் சேர்த்து. பிள்ளையோடு உட்கார்ந்து போடுங்கள், ஆனால் போடுகிறபோது ஒவ்வொரு வரியிலும் நின்று "இது ஏன் குறைஞ்சுது" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்தால் அடுத்த முறை பிள்ளை லேப்டாப்பைத் திறக்காது.

கடைசியாகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் சேர்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வருடாவருடம் கூட்டம் போடுகிறீர்கள், அரங்கு நிறைகிறது. சேர்ந்த பிறகு முதல் பருவத்தில் என்ன நடக்கிறது என்று பேச ஒரு கூட்டமும் இல்லை. செப்டம்பரில், முதல் மிட்டெர்முக்கு முன்னால், கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் ஒரு இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். விலகும் தேதியை எங்கே பார்ப்பது, 12 கிரெடிட் கணக்கு என்ன, ஆம்காஸ் எப்படிக் கூட்டுகிறது, எப்போது ரீடேக், எப்போது புதுப் பாடம், இவ்வளவும் அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். காரில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிற சங்கம் என்றால் நானே வந்து பலகையில் போட்டுக் காட்டுகிறேன், தூரத்தில் இருந்தால் ஜூமில். சனிக்கிழமை மாலை எனக்கு வசதிப்படும்.

அன்புடன்,
மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கும் உங்களில் ஒருத்தி